கோப்பில் ‘மாமா’ என்று எழுதாதீர்கள்

கேள்வி: அப்பா போன ஆண்டு காலமானார். அவர் சேர்த்து வைத்த வீட்டு வீடியோக்கள் எல்லாம் இப்போது என் கணினியில் இருக்கின்றன. 90-களின் கல்யாணக் கேசட்டுகளிலிருந்து மாற்றிய டி.வி.டி.க்கள், 2009-இல் வாங்கிய ஹாண்டிகேமில் எடுத்தவை, போனில் எடுத்தவை, வாட்ஸ்அப்பில் வந்தவை என்று சுமார் 1,100 கோப்புகள், 640 ஜி.பி. ‘புதிய கோப்புறை’, ‘புதிய கோப்புறை 2’, ‘அப்பா போன் எல்லாம்’ என்ற பெயர்களில் கிடக்கின்றன. ஆளுக்கு ஒரு கோப்புறை போட்டுப் பிரித்துவிடலாம் என்கிறான் பெங்களூரில் இருக்கும் என் தம்பி. டி.வி.டி. கோப்புகளைச் சுருக்கிவிட்டு அசலை அழித்தால் இடம் மிச்சமாகும் என்றும் சொல்கிறான். பரணில் இன்னும் மூன்று கேசட்டுகள் இருக்கின்றன. உள்ளே ஏதோ வெள்ளையாகப் படிந்திருக்கிறது. அம்மாவுக்கு 81 வயது, நினைவு நன்றாக இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?
– வாசகி, குடியாத்தம்

அன்புள்ள சகோதரிக்கு,

அம்மாவிடமிருந்து தொடங்குங்கள். கணினியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

வேலூரில் கல்யாண வீடியோ எடுப்பவரிடம் லைட் பிடிக்கும் பையனாகச் சேர்ந்து, கேமரா, மிக்ஸிங் என்று வளர்ந்து, இப்போது பழைய கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றித் தருவதே தொழிலாகிவிட்டது எனக்கு. வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, எந்த மென்பொருள் நல்லது என்பதைத்தான். மென்பொருள் நாளைக்கும் கிடைக்கும். கோப்பு தொலைந்தால்கூட ஏதோ ஒரு சித்தப்பா வீட்டு அலமாரியில் இன்னொரு டி.வி.டி. இருக்க வாய்ப்புண்டு. பந்தியில் மூன்றாவதாக உட்கார்ந்திருப்பவர் யார் என்பது உங்கள் அம்மா ஒருவருக்கு மட்டும் தெரியும் என்றால், அதற்கு வேறு எங்கே பிரதி தேடுவீர்கள்?

ஆம்பூரிலிருந்து ஒரு பையன் தன் பாட்டியோடு 1992-ஆம் ஆண்டு வளைகாப்புக் கேசட் ஒன்றைக் கொண்டு வந்தான். பந்திக் காட்சி நீளமாக இருக்கிறது, அதை வெட்டிவிடுங்கள் என்று முதலிலேயே சொல்லிவிட்டான். ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, சாம்பார் வாளியுடன் ஓர் ஆள் பந்திக்குக் குறுக்கே போனார். நான்கு வினாடி இருக்கும். பாட்டி நிறுத்தச் சொன்னார். தோல் தொழிற்சாலையில் அவருடைய கணவரோடு வேலை பார்த்தவராம். மகள் கல்யாணத்துக்குப் பணம் போதாதபோது தன் சைக்கிளை விற்றுக் கொண்டுவந்து கொடுத்தவராம். அந்த மனிதரின் படம் அவர்கள் வீட்டில் வேறெங்கும் இல்லை. பேரன் வெட்டச் சொன்னதை அதன்பிறகு பேசவே இல்லை.

ஆகவே முதல் வேலை இது. அம்மாவை டி.வி. முன்னால் உட்கார வைத்து, ஒரு நாளைக்கு அரைமணி நேரம், அதற்கு மேல் வேண்டாம், போட்டுக் காட்டுங்கள். கல்யாண வீடியோ என்றால் தாலி கட்டுவதிலிருந்து தொடங்காதீர்கள். அந்த நேரத்தில் எல்லோரும் எழுந்து நின்று கேமராவை மறைத்திருப்பார்கள். மேடையேறிப் பரிசு கொடுக்கும் வரிசையைப் போடுங்கள். குடும்பம் குடும்பமாக ஏறுவார்கள். ஒருவர் அடையாளம் தெரிந்தால் உடன் நிற்கும் நான்கு பேரும் தெரிந்துவிடுவார்கள். அந்தக் கல்யாணத்தின் மொய் நோட்டு வீட்டில் இருந்தால் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இனிஷியல், பெயர், ஊர் மூன்றும் ஒரே வரியில் எழுதியிருக்கும் ஆவணம் நம் வீடுகளில் அதுதான். அம்மாவுக்கு முகம் தெரிந்து பெயர் வராமல் நிற்கும்போது, நோட்டைப் படிக்கப் படிக்க வந்துவிடும்.

அம்மா பேசும்போது உங்கள் போனில் ஒலிப்பதிவைப் போட்டுப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். எழுதிக்கொண்டே கேட்டால் பேச்சு அறுந்துபோகும். அந்த ஒலிக்கோப்பையும் வீடியோ இருக்கும் அதே கோப்புறையில் போட்டு வையுங்கள். பிறகு நிதானமாக எக்ஸெல் தாளில் எழுதலாம்: கோப்பின் பெயர், எந்த நிமிடம், இடமிருந்து வலமாக யார் யார், எந்த ஊர், தேதி, அந்தத் தேதி எப்படித் தெரிந்தது. கடைசிக் கட்டம் வேண்டாத வேலையாகத் தோன்றும். அம்மா சொன்னது, கல்யாணப் பத்திரிகையில் அச்சானது, நாமே ஊகித்தது என்று எழுதி வைத்திருந்தால், நாளை இரண்டு தேதிகள் மோதும்போது எதை நம்புவது என்பது தெரியும்.

எழுதும்போது ‘மாமா’ என்று மட்டும் எழுதாதீர்கள். அம்மாவின் தம்பியும் மாமா, அத்தையின் கணவரும் மாமா, மாமனாரும் மாமா, பால் ஊற்றுகிறவரும் மாமா. உங்களுக்கு மாமாவாக இருப்பவர் அம்மாவுக்குத் தம்பி, உங்கள் பிள்ளைகளுக்குத் தாத்தா. எழுதியது யார் என்பது தெரியாமல் போன பிறகு அந்தச் சொல்லுக்குப் பொருளே இருக்காது. பெயரை எழுதுங்கள், தகப்பனார் பெயரை எழுதுங்கள், ஊரைச் சேருங்கள். ஒரே குடும்பத்தில் மூன்று முருகன் இருப்பார்கள். சோளிங்கர் முருகன், லாலாப்பேட்டை முருகன் என்று வீட்டில் எப்படிப் பிரித்துச் சொல்கிறீர்களோ அதையே எழுதினால் போதும்.

இப்போது உங்கள் தம்பியின் யோசனைக்கு வருகிறேன். ஆளுக்கு ஒரு கோப்புறை என்பது கேட்க நன்றாக இருக்கும். இரண்டாவது நாளே நின்றுபோகும். காதுகுத்து வீடியோவில் பேத்தி இருக்கிறாள், தாய்மாமன் மடி இருக்கிறது, பக்கத்தில் அப்பா நிற்கிறார். அந்தக் கோப்பை எந்த ஆளின் கோப்புறையில் போடுவீர்கள்? மூன்றிலும் போட்டால் 640 ஜி.பி. இரண்டாயிரம் ஜி.பி. ஆகும். ஒரு கோப்பு ஓரிடத்தில்தான் இருக்க வேண்டும். அந்த இடத்தை நிகழ்ச்சியும் தேதியும் முடிவு செய்யட்டும். ஆட்களைத் தேடுவதற்கு அந்த எக்ஸெல் தாள் இருக்கிறது. அதில் ஒரு பெயரைத் தேடினால் அவர் வரும் கோப்புகள் அத்தனையும் வந்து நிற்கும்.

ஆண்டுக்கு ஒரு கோப்புறை, அதற்குள் நிகழ்ச்சிக்கு ஒன்று. பெயர் இப்படி: ‘2003-02-09 காதுகுத்து வள்ளிமலை’. ஆண்டு முன்னால், மாதம் அடுத்து, நாள் கடைசியில். நாம் பேசுகிறபடி 09-02-2003 என்று எழுதினால், கணினி எல்லா ஆண்டுகளின் 9-ஆம் தேதிகளையும் கொண்டுவந்து ஒரே வரிசையில் நிறுத்தும். தேதி தெரியாதா, 2003-02-00. மாதமும் தெரியாதா, 2003-00-00. தெரியாததை ஜனவரி 1 என்று நிரப்பாதீர்கள். பத்து ஆண்டு கழித்து அதை உண்மை என்று நம்புவது நீங்களாகவே இருப்பீர்கள்.

பெயரைத் தமிழிலேயே எழுதலாம். கல்யாணம் என்பதை ஆங்கில எழுத்தில் உங்கள் வீட்டில் நான்கு பேர் நான்கு விதமாக எழுதுவார்கள். குடியாத்தத்துக்கே எத்தனை எழுத்துக்கூட்டல் இருக்கிறது என்று கடைப் பலகைகளைப் பார்த்தால் தெரியும். தமிழில் தேடினால் ஒரே தேடலில் கிடைத்துவிடும். சில டி.வி.க்களில் தமிழ்ப் பெயர் கட்டம் கட்டமாகத் தெரியும். முன்னால் தேதி எண் இருப்பதால் அங்கேயும் சமாளிக்கலாம்.

தேதியைக் கண்டுபிடிப்பதுதான் எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் பிடித்த வேலை. உங்கள் ஊர் வீடியோவில் கெங்கையம்மன் சிரசு ஊர்வலம் வந்தால், அது வைகாசி முதல் நாள். அதாவது மே மாதம் 14 அல்லது 15. ஆண்டுதான் தெரிய வேண்டும். பின்னால் போகும் பஸ்ஸைப் பாருங்கள். பக்கவாட்டில் பட்டுக்கோட்டை அழகிரி போக்குவரத்துக் கழகம் என்று எழுதியிருந்தால், பெரும்பாலும் 1997-க்கு முந்தையது. அந்த ஆண்டில்தான் போக்குவரத்துக் கழகங்களிலிருந்து தலைவர்களின் பெயர்களை எடுத்தார்கள். பெயிண்ட் மாறக் கொஞ்சம் முன்பின் ஆகியிருக்கலாம். கடைப் பலகையில் ‘வடாற்காடு அம்பேத்கர் மாவட்டம்’ என்று இருந்தால், பழைய வடாற்காடு பிரிந்த 1989-க்குப் பிந்தையது. ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்கு எல்லோரும் போய்வந்த வீடியோ என்றால், குடமுழுக்கு நடந்த 2007 ஆகஸ்டுக்குப் பிறகு. வண்டி எண், சுவர் காலண்டர், மண்டபத்து வாசலில் பூவால் எழுதிய மணமக்கள் பெயர் எல்லாமே சாட்சிதான். காலண்டர் தெரியும் இடத்தில் நிறுத்தி அந்தக் காட்சியைப் படமாகச் சேமித்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

கணினி காட்டும் தேதியை மட்டும் எளிதில் நம்பாதீர்கள். ‘உருவாக்கிய தேதி’ என்று அது காட்டுவது, பெரும்பாலும் நீங்கள் பிரதியெடுத்த நாள். டி.வி.டி.யில் இருப்பது தட்டில் பதிந்த நாள். வாட்ஸ்அப் கோப்பின் பெயரிலேயே எட்டு இலக்கத்தில் ஒரு தேதி இருக்குமே, அது வீடியோ உங்கள் போனுக்கு வந்து இறங்கிய நாள்; எடுத்த நாள் வேறாக இருக்கலாம். பேட்டரி இறங்கிக் கடிகாரம் நின்ற கேமரா, எல்லாவற்றையும் ஏதோ ஒரு ஜனவரி 1-ஆம் தேதியாகப் பதிந்திருக்கும்.

போன் வீடியோக்களில் இன்னொரு வேடிக்கை உண்டு. கோப்புக்குள் புதைந்திருக்கும் நேரம் பல போன்களில் உலகப் பொது நேரப்படி இருக்கும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். அதிகாலை 5 மணி முகூர்த்தத்தில் தாலி கட்டியது 14-ஆம் தேதி என்றால், கோப்புக்குள் 13-ஆம் தேதி இரவு 11.30 என்று இருக்கும். நேரத்தை மாற்றிக் காட்டத் தெரியாத மென்பொருளைக் கொண்டு தேதிவாரியாகப் பிரித்தீர்களானால், கல்யாணம் முந்தைய நாள் நலங்கோடு போய்ச் சேர்ந்துவிடும். நம் கல்யாணங்கள் பலவும் விடியலில் நடப்பதால் இந்தத் தவறு நமக்குத்தான் அதிகம் நேரும்.

ஹாண்டிகேம் கோப்புகளைத் தொடுவதற்கு முன் ஒரு நிமிடம் பொறுங்கள். 2009 வாக்கில் வந்த பல கேமராக்களில் ‘ஸ்ட்ரீம்’ என்ற கோப்புறைக்குள் 00000, 00001 என்று எண்ணிட்ட எம்.டி.எஸ். கோப்புகள் இருக்கும். கார்டை அழித்து மறுபடி எடுத்தால் எண்ணும் மறுபடி 00000-இலிருந்து தொடங்கலாம். இரண்டு கார்டுகளின் கோப்புகளை ஒரே கோப்புறையில் போட்டு, கணினி ‘மாற்றி எழுதவா’ என்று கேட்டதற்கு ‘சரி’ என்று அழுத்தினால், பழைய பொங்கல் போய்ப் புதிய பொங்கல் அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். ஒவ்வொரு கார்டுக்கும் தனிக் கோப்புறை போட்டு, உள்ளே இருப்பதை இருந்தபடியே வையுங்கள். டி.வி.டி.யும் அப்படித்தான். அதில் வீடியோ ஒவ்வொன்றும் ஒரு ஜி.பி.க்கு உட்பட்ட துண்டுகளாக வெட்டி வைக்கப்பட்டிருக்கும். எந்தத் துண்டுக்குப் பின் எது என்பதைச் சொல்லும் சிறிய கோப்புகள் பக்கத்தில் இருக்கும். இடத்தை அடைக்காத அந்தச் சின்னக் கோப்புகள் எதற்கு என்று அழித்துவிட்டு வந்து நிற்பவர்கள் மாதம் ஒருவராவது உண்டு. மொத்தக் கோப்புறையையும் அப்படியே வைத்து, வெளிக் கோப்புறைக்கு மட்டும் பெயர் மாற்றுங்கள்.

அசலை அழிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது. என் சொந்தத் தங்கையின் கல்யாண டி.வி.டி.யை இதே காரணத்துக்காக ஒருமுறை சுருக்கினேன். இடம் வேண்டுமென்று அசலை அழித்தேன். பழைய வீடியோவில் படம் முழுதாகப் பதிவாகாது. ஒற்றைப்படை வரிகள் ஒருமுறை, இரட்டைப்படை வரிகள் ஒருமுறை என்று நொடிக்கு 50 அரைப்படங்கள் பதிவாகும். பழைய டி.வி. அதை அழகாகக் காட்டிவிடும். கணினித் திரையில் கை அசைந்தால் சீப்புப் பல் போலக் கோடு கோடாகத் தெரியும். அது கேசட்டின் கோளாறு அல்ல. வி.எல்.சி. என்ற வீடியோ ஓட்டும் மென்பொருளில் ‘டீஇன்டர்லேஸ்’ என்பதைப் போட்டால் பார்க்கும்போது மறைந்துவிடும், கோப்புக்கு எந்தச் சேதமும் இல்லை. நான் அதைக் கவனிக்காமல் சுருக்கினேன். சீப்புப் பற்கள் படத்தோடு சேர்ந்து உறைந்துவிட்டன. அட்சதை தூவும் ஒவ்வொரு கையிலும் இன்றைக்கும் அந்தக் கோடுகள் இருக்கின்றன. தங்கை அதைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை, வேறு டி.வி.டி. இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள்.

டி.வி.யில் பார்க்கவும் உறவினர்களுக்குக் கொடுக்கவும் எம்.பி.4 பிரதி வேண்டும்தான். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் செய்யலாம். சீப்புக் கோட்டை நீக்கும் வசதியும் அதிலேயே இருக்கிறது. அந்தப் பிரதிகளைத் தனியாக ‘பார்க்க’ என்ற கோப்புறையில் போடுங்கள். ‘அசல்’ என்ற கோப்புறை தனியாக இருக்கட்டும், அதில் வெட்டவோ ஒட்டவோ கூடாது. பழைய பென் டிரைவில் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட கோப்பு ஏற மறுத்தால் பயப்படாதீர்கள். அதை ‘எக்ஸ்ஃபேட்’ முறையில் ஃபார்மட் செய்தால் ஏறும். ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பது அழிந்துபோகும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

மிக்ஸிங் செய்த கல்யாண வீடியோவைப் பற்றி எங்கள் தொழில் சார்பாக மன்னிப்பும் கேட்க வேண்டும். இதய வடிவத்துக்குள் மணமக்கள் முகம், மேலே சினிமாப் பாட்டு என்று நாங்கள் போட்ட போட்டில், நாதஸ்வரமும் பேச்சும் அடியோடு போய்விட்டன. பரணில் இருக்கும் கேசட்டுகளில் ஒன்று மிக்ஸிங்குக்கு முந்தைய அசல் பதிவாக இருந்தால் அதுதான் உங்கள் வீட்டுச் சொத்து. அதில்தான் உங்கள் அப்பாவின் குரல் இருக்கும்.

போன் வீடியோக்களுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம். மாதத்துக்கு ஒரு கோப்புறை, ‘2018-06’ என்பது போல, அதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் வந்தவை சுருங்கியவை. முக்கியமானது என்றால் எடுத்தவரிடமே கேட்டு, ‘டாகுமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள்; தரம் குறையாமல் வரும். ஒரே வீடியோ இரண்டு இருப்பதாகத் தோன்றினால் பெயரைப் பார்க்காமல், ஓடும் நேரத்தையும் அளவையும் பாருங்கள். நேரம் ஒன்றாக இருந்து அளவு வேறுபட்டால் பெரியதை வைத்துக்கொள்ளுங்கள். முதல் சுற்றில் எதையும் அழிக்காதீர்கள்.

இடத்துக்கு வழி, வாங்குவதுதான். 2 டி.பி. வெளி ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்குங்கள், முடிந்தால் வேறு வேறு நிறுவனத்துடையவை. கணினி அதை 1.81 டி.பி. என்று காட்டும், கடைக்காரரோடு சண்டை போட வேண்டாம், கணக்கிடும் முறை அப்படி. ஒன்று உங்களிடம், மற்றொன்று தம்பியிடம். 2021 நவம்பரில் மோர்தானா அணை நிரம்பிக் கவுண்டன்யா ஆற்றில் வெள்ளம் வந்ததை உங்கள் ஊருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கணினியும் டிஸ்க்கும் ஒரே மேசையில் இருந்தால் தண்ணீர் இரண்டையும் சேர்த்துத்தான் நனைக்கும். பொங்கலுக்குத் தம்பி வரும்போது டிஸ்க்கைக் கொண்டுவரச் சொல்லிப் புதியவற்றை ஏற்றி அனுப்புங்கள். உங்களிடம் இருப்பதை ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கும்போது ஒருமுறை இணைத்து, நான்கைந்து கோப்புகளை ஓட்டிப் பாருங்கள். கூகுளில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜி.பி.; உங்கள் 640-க்கு அது போதாது. பென் டிரைவ் கொண்டுபோய்க் கொடுப்பதற்கு மட்டும்.

மீதமிருப்பது பரணில் உள்ள மூன்று கேசட்டுகள். வெள்ளையாகப் படிந்திருப்பது பூஞ்சை. டெக்கில் போட்டு ஓட்டிப் பார்க்க வேண்டாம். டேப் ஒட்டிக்கொண்டு அறுந்துபோகலாம், பூஞ்சை டெக்கின் ஹெட்டில் ஏறி அடுத்த கேசட்டுக்கும் போய்விடும். டெக் கெட்டுப்போனால் வேறு டெக் கிடைப்பதும் அரிதாகிவிட்டது, டெக் எனும் வி.சி.ஆர். செய்துகொண்டிருந்த கடைசி ஜப்பானிய நிறுவனமும் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. அக்னி நட்சத்திர வெயில் இறங்குகிற பரணிலிருந்து இன்றைக்கே இறக்கி, உள் அறை அலமாரியில் புத்தகம் போல நிமிர்த்தி வையுங்கள். வெயிலில் காய வைக்க வேண்டாம். பூஞ்சையைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுத்து, அதன்பிறகே மாற்ற வேண்டும். மாற்றிய பிறகும் கேசட்டைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். ஓரத்தில் ஒரு சிறு பிளாஸ்டிக் பல் இருக்கும், அது இருக்கும்வரைதான் கேசட்டில் மறுபடி பதிய முடியும். அது உடையாமல் இருந்தால் உடைத்துவிடுங்கள், தவறிப்போய் யாரும் மேலே பதிய முடியாது. பஸ்ஸில் கொண்டுவருவதானால் மடியில் வைத்துக்கொள்ளுங்கள், எஞ்சின் மூடி மேல் வைக்காதீர்கள்.

தூசியைத் துடைப்பதற்கு முன், ஒவ்வொரு கேசட்டின் லேபிளையும் முதுகுப் பக்கத்தையும் போனில் படம் எடுத்துவிடுங்கள். உங்கள் அப்பா பென்சிலில் ஏதாவது எழுதியிருக்கக்கூடும்.